பதற்றத்துக்குச் சீன மூலிகை: ஒரு பெயருக்குள் மூன்று மருந்துகள்

2019 மே மாதம், நோய்களுக்கான பன்னாட்டு வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பை உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்டன. சீனாவில் தோன்றிய மரபு மருத்துவத்துக்கென்று தனி அத்தியாயம் ஒன்று அதில் முதன்முறையாக இடம்பெற்றது. "சீன மூலிகையை உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்ற பேச்சு அதையொட்டிப் பரவியது. மறுபக்கம், தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் என்று விற்கப்பட்ட சீன மாத்திரைகளில் ஆங்கில மருந்து கலந்திருந்ததாக அரசு எச்சரிக்கைகள் வந்திருக்கின்றன. இரண்டையும் படித்தவருக்கு எதை நம்புவது என்று தெரியாமல் போவது இயல்புதான்.

"பதற்றத்துக்குச் சீன மூலிகை கேட்குமா?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. அந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்பனையாகின்றன. ஒன்றுக்கு உள்ள சான்று மற்றொன்றுக்குச் செல்லாது. ஒன்றில் உள்ள ஆபத்து இன்னொன்றில் இல்லாமலும் இருக்கலாம். இந்தப் பிரிவினை புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அதற்கு முன் அடிப்படைகளைப் பார்த்துவிடலாம்.

பதற்றம் எப்போது நோயாகிறது

தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கம் வராததும், மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும்போது நெஞ்சு படபடப்பதும் நோயல்ல. காரணம் நீங்கிய பிறகும் படபடப்பு நீங்காமல், அல்லது காரணமே இல்லாமல் வந்து, தூக்கத்தையும் வேலையையும் உறவையும் குலைக்கும்போதுதான் அது பதற்றக் கோளாறு. இலங்கைத் தமிழில் இதைப் பதகளிப்பு என்பார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில், எதைப் பற்றியும் அளவுமீறிக் கவலைப்படுவது பொதுப் பதற்றக் கோளாறு. திடீரென்று மூச்சு முட்டி, இதயம் அடித்துக்கொண்டு, இதோ செத்துவிடப் போகிறோம் என்ற திகில் சில நிமிடங்கள் ஆட்டி வைப்பது பீதித் தாக்கு.

2019இல் உலகம் முழுவதும் சுமார் 30 கோடிப் பேர் பதற்றக் கோளாறோடு வாழ்ந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிடுகிறது. சிகிச்சை தேவைப்படுவோரில் நான்கில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது.

நவீன மருத்துவத்தில் நன்கு சோதிக்கப்பட்ட வழிகள் இரண்டு. ஒன்று, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை: எண்ணங்களையும், அஞ்சி ஒதுங்கும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் உரையாடல் முறை. மற்றொன்று, எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், அதாவது மூளையில் செரட்டோனின் என்ற வேதித்தூதைக் கூட்டுபவை. இவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் சிலருக்குப் பதற்றம் கூடவும் செய்யும். டயஸிபாம், அல்பிரசோலாம் போன்ற பென்சோடயஸிபைன்கள் உடனே அமைதி தரும், ஆனால் நாளடைவில் அவை இல்லாமல் இருக்க முடியாத நிலை வரலாம். இந்தச் சங்கடங்களைப் பட்டு அனுபவித்தவர்கள் மூலிகையைத் தேடுவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு நேர்மையான பதில் தர வேண்டும், அவ்வளவுதான்.

எந்த உறுப்பில் தேடுகிறார்கள்

கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஷாங் ட்சோங்ஜிங் என்ற சீன மருத்துவர் ஒரு நோயை இப்படி விவரித்தார்: அடிவயிற்றில் தொடங்கும், தொண்டை வரை பாய்ந்து ஏறும், வரும்போது சாகப்போவது போலிருக்கும், பிறகு தானே இறங்கி நின்றுவிடும், எல்லாமே திடுக்கிடலாலும் பயத்தாலும் வருவது. இதற்கு அவர் காலத்துப் பெயர் 'பென் துன்', அதாவது ஓடும் பன்றிக்குட்டி. வயிற்றுக்குள் ஒரு பன்றிக்குட்டி மிரண்டு ஓடுவது போன்ற உணர்வு. இன்று பீதித் தாக்கு என்று பாடநூல்கள் சொல்வதற்கும் இதற்கும் இடைவெளி அதிகமில்லை. 1,800 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு கூர்மையாக நோயாளியைக் கவனித்திருக்கிறார்கள் என்பதை முதலில் மதிக்க வேண்டும். கவனிப்பு சரியாக இருந்ததால் விளக்கமும் மருந்தும் சரியாகிவிடாது என்பது அதற்கு அடுத்த படி.

சீன மருத்துவத்தில் மனத்துக்கென்று தனி இடம் கிடையாது. மனம் உறுப்புகளில் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கிறது. 'ஷென்' எனப்படும் உணர்வுநிலை இதயத்தில் குடியிருக்கிறது. உடலில் ஓடும் உயிராற்றலான 'ச்சி' தடையில்லாமல் பரவக் கல்லீரல் பொறுப்பு. ஓயாத யோசனை மண்ணீரலைக் கெடுக்கும், அச்சம் சிறுநீரகத்தைத் தாக்கும், துணிச்சல் பித்தப்பையில் இருக்கிறது. இங்கே கல்லீரல் என்பது உடற்கூறியல் காட்டும் கல்லீரல் அல்ல. ஒரு வேலைத் தொகுதிக்கு வைத்த பெயர். 'கல்லீரல் ச்சி தேக்கம்' என்று எழுதித் தந்தால் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை.

தமிழருக்கு இந்தச் சிந்தனை அந்நியமாக இருக்காது. நமக்கும் பயம் வந்தால் அடிவயிறு கலங்குகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, நெஞ்சு பதறுகிறது. மனநோயை உடல்மொழியில் சொல்லும் வழக்கத்தை நவீன ஆய்வும் கண்டிருக்கிறது. 1980இல் ஆர்தர் கிளெய்ன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சீனாவின் ஹூனான் மாநிலத்தில், 'நரம்புத் தளர்ச்சி' என்று முத்திரை குத்தப்பட்ட 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். பெரும்பாலோருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்கள் முறையிட்டதோ தலைவலி, தூக்கமின்மை, உடல் அசதி ஆகியவற்றைத்தான். மனச்சோர்வு என்ற சொல்லுக்கு அவமானம் உண்டு, நரம்புத் தளர்ச்சிக்கு அது இல்லை.

நோயின் பெயரல்ல, அமைப்பின் பெயர்

சீன மருத்துவர் 'பதற்றக் கோளாறு' என்ற ஒரே நோய்க்கு ஒரே மருந்து தருவதில்லை. நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, பசியையும் மலத்தையும் தூக்கத்தையும் விசாரித்து, ஓர் 'அமைப்பை' முடிவு செய்கிறார். அடிக்கடி வருபவை:

1. கல்லீரல் ச்சி தேக்கம். எரிச்சல், பெருமூச்சு, விலாவில் இறுக்கம், மாதவிலக்குக்கு முன் மோசமாகும் மனநிலை. வழக்கமான மருந்து 'ஷியாவ் யாவ் சான்'. சோங் பேரரசின் அரசு மருந்தகம் தொகுத்த சூத்திரத் தொகுப்பிலிருந்து வந்தது. 'ஷியாவ் யாவ்' என்றால் கட்டற்று உலவுதல், 'சான்' என்றால் சூரணம். சைஹூ வேர், தாங்குய், வெண் பியோனி வேர், பாய்ஷு, ஃபூலிங் பூஞ்சை, அதிமதுரம் ஆகியவற்றோடு கொஞ்சம் இஞ்சியும் புதினாவும் சேரும்.

2. இதயமும் மண்ணீரலும் நலிதல். மறதி, படபடப்பு, பசியின்மை, வெளிறிய முகம், ஓயாத யோசனை. இதற்கு 13ஆம் நூற்றாண்டின் 'குய் பி தாங்'.

3. ச்சியும் சளியும் தொண்டையில் கட்டுதல். வறுத்த இறைச்சித் துண்டு ஒன்று தொண்டையில் சிக்கியது போல, விழுங்கினால் இறங்காது, துப்பினால் வராது. ஷாங் ட்சோங்ஜிங் இதற்கு 'பான்ஷியா ஹோவ்போ தாங்' எழுதினார். தொண்டையில் அடைப்பு இருப்பது போன்ற இந்த உணர்வோடு வந்து, எண்டோஸ்கோப்பியில் எதுவும் தெரியாமல் திரும்புவோர் நம் ஊரிலும் உண்டு.

4. ஈரல் இரத்தக் குறைவும் உள்வெப்பமும். களைப்பு உண்டு, தூக்கம் இல்லை. இதற்கு 'சுவான் ட்சாவ் ரென் தாங்'. முதன்மைச் சரக்கு புளிப்பு இலந்தையின் விதைப்பருப்பு.

இவற்றோடு 'கான் மாய் தா ட்சாவ் தாங்' என்ற எளிய குடிநீரையும் சொல்ல வேண்டும். காரணமின்றி அழுகை, பேய் பிடித்தது போன்ற நடத்தை, ஓயாத கொட்டாவி ஆகியவற்றுக்கு ஷாங் ட்சோங்ஜிங் எழுதியது. அதிமதுரம், கோதுமை, சீன இலந்தைப் பழம், மூன்றே சரக்கு. சிங்கப்பூர், மலேசியக் கடைகளில் 'ரெட் டேட்ஸ்' என்று விற்பது இந்தப் பழம்தான். பேரீச்சைக்கும் அதற்கும் உறவு கிடையாது. நம் ஊர் இலந்தையின் இனம் அது.

விதைக்குள் என்ன இருக்கிறது

பதற்றத்துக்கான சீன மூலிகைகளில் அதிகம் ஆராயப்பட்டவற்றில் ஒன்று புளிப்பு இலந்தை விதை. சீன மருந்து நூல்கள் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் என்று அளவு சொல்கின்றன. லேசாக வறுத்து, இடித்து, கொதிக்க வைப்பார்கள். அதிலுள்ள ஜுஜுபோசைடுகளும் ஸ்பினோசின் என்ற பொருளும் எலிகளில் தூக்கத்தைக் கூட்டுகின்றன. மூளையின் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற வேதித்தூதின் ஏற்பிகள் வழியாக இது நடக்கலாம் என்பதற்கு ஆய்வகத் தடயங்கள் உண்டு. பென்சோடயஸிபைன்கள் வேலை செய்வதும் அதே ஏற்பிகளில்தான்.

இங்கே ஒரு தாவல் அடிக்கடி நடக்கிறது. 'எலியில் காபா வழியாக வேலை செய்கிறது' என்பது விளம்பரத்துக்கு வரும்போது 'மனிதரின் பதற்றத்தைக் குணமாக்குவது அறிவியலால் நிறுவப்பட்டது' என்று மாறிவிடுகிறது. எலிக்கு ஊசி வழியாகச் செலுத்திய தூய சேர்மமும், மனிதர் குடித்து, குடல் வழியே கொஞ்சமாக உடலில் சேரும் கஷாயமும் ஒன்றல்ல. எலியில் நன்றாக வேலை செய்து மனிதரில் பொய்த்துப்போன மருந்துகள் ஏராளம்.

மூன்று மருந்துகள்

இப்போது தொடக்கத்தில் சொன்ன பிரிவினைக்கு வரலாம்.

முதலாவது, ஒருவருக்கென எழுதித் தரும் குடிநீர். மருத்துவர் அமைப்பை முடிவு செய்து, பழைய சூத்திரத்தை அடிப்படையாக வைத்து, இரண்டு சரக்கைக் கூட்டி ஒன்றைக் குறைத்து எழுதுகிறார். இரண்டு வாரத்தில் மறுபடி மாற்றுகிறார். மரபின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆய்வுக்கு மிகக் கடினமானதும் இதுதான், ஏனென்றால் ஒரே மருந்தை இருவர் குடிப்பதில்லை.

இரண்டாவது, தொழிற்சாலையில் நிலையான சூத்திரத்தில் தயாராகும் மருந்து. ஜப்பானில் 'கம்போ' என்று வழங்கும் சீன வழி மருத்துவத்தில் 148 சூத்திரங்களின் சாறுப்பொடிகளுக்குத் தேசிய மருத்துவக் காப்பீடு பணம் தருகிறது. எழுதித் தருபவர்கள் நவீன மருத்துவம் படித்த டாக்டர்கள். தொண்டை அடைப்புக்கான சூத்திரம், இலந்தை விதைச் சூத்திரம், மூன்று சரக்குக் குடிநீர் எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. சீனாவில் 'ஜியுவெய் ட்சென்ஷின்' என்ற குருணை மருந்துக்கு அரசு அனுமதி இருக்கிறது. ஜின்செங், இலந்தை விதை, யான்ஹுசுவோ கிழங்கு உட்பட ஒன்பது சரக்குகள் கொண்டது. அதன் பயன் இரண்டு மருத்துவ மொழிகளில் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கிறது: பொதுப் பதற்றக் கோளாறு, அதிலும் இதய மண்ணீரல் நலிவு அமைப்பு.

மூன்றாவது, இணையத்திலும் கூரியரிலும் வருவது. "முழுக்க இயற்கை, பக்கவிளைவு இல்லை, ஒரே நாளில் நிம்மதி" என்ற வாசகம் இருக்கும். பதிவு எண் இருக்காது, அல்லது எந்த நாட்டுப் பதிவு என்று புரியாது.

ஜப்பானிய மருத்துவமனை தரும் பொடிக்கான ஆய்வை மேற்கோள் காட்டி மூன்றாவது வகையை விற்பது சந்தையின் வாடிக்கை. பெயர் ஒன்றாக இருப்பதால் சரக்கும் ஒன்றென்று நம்பிவிடுகிறோம்.

சான்று எவ்வளவு உறுதி

பதற்றத்துக்கான சிகிச்சை ஆய்வுகளில் ஹாமில்டன் அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. 1959இல் வந்தது. 14 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 56 புள்ளி. சீனச் சூத்திரங்களைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றில் இந்தப் புள்ளி நன்றாகவே குறைந்திருக்கிறது. 'ஆங்கில மருந்துக்கு நிகர், பக்கவிளைவு குறைவு' என்ற முடிவு திரும்பத் திரும்ப வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த முடிவு எப்படிக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும்.

பதற்றம் ஏறி இறங்கும் நோய். மக்கள் ஆய்வில் சேர்வது பெரும்பாலும் உச்சத்தில் இருக்கும்போது. சில வாரங்களில் தானே கொஞ்சம் தணியும். டாக்டர் வாரந்தோறும் பொறுமையாகக் கேட்பதும், ஏதோ செய்கிறார்கள் என்ற நம்பிக்கையும் மேலும் தணிக்கும். இதனால் பதற்ற ஆய்வுகளில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் மூவரில் ஒருவர் அளவுக்கு நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

இப்போது ஓர் ஆய்வைக் கற்பனை செய்யுங்கள். ஒரு குழுவுக்கு மூலிகை, மற்றொன்றுக்கு பஸ்பிரோன் என்ற ஆங்கில மருந்து. எட்டு வாரத்தில் இரு குழுவுக்கும் 12 புள்ளி குறைகிறது. 'மூலிகை, பஸ்பிரோனுக்கு நிகர்' என்று எழுதுகிறார்கள். இதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கலாம். இரண்டுமே நன்றாக வேலை செய்தன. அல்லது இரண்டுமே அந்த ஆய்வில் எதுவும் செய்யவில்லை, குறைந்த 12 புள்ளியும் காலமும் நம்பிக்கையும் தந்தவை. எது உண்மை என்று அறிய வெற்று மாத்திரை தந்த மூன்றாவது குழு வேண்டும். சீன மூலிகைகளின் பதற்ற ஆய்வுகள் பலவற்றில் இந்த மூன்றாவது குழு இல்லை. என் பார்வையில் முதன்மையான குறை இதுதான். மற்றவை இதற்கு அடுத்தவை:

1. மறைப்பு இல்லாமை. கசக்கும், மணக்கும் கஷாயத்துக்குப் போலி தயாரிப்பது கடினம். தனக்கு எது கிடைத்தது என்று நோயாளிக்குத் தெரிந்துவிட்டால் பதில்களும் மாறும். கேப்சூலில் அடைத்த மருந்தில் இந்தச் சிக்கல் குறைவு.

2. சேர்த்துக் கொடுத்தல். ஒரு குழுவுக்கு ஆங்கில மருந்து மட்டும், மற்றதற்கு அதோடு மூலிகையும். கூடுதலாக எதைக் கொடுத்தாலும் நம்பிக்கை கூடும்.

3. சிறு குழு, குறுகிய காலம். சில டஜன் பேர், நான்கு அல்லது எட்டு வாரம். ஆண்டுக்கணக்கில் நீளும் நோய்க்கு இது போதாது.

4. தோல்விகள் வெளிவராமை. அக்குபங்சர் பற்றி 1998இல் வந்த அலசல் ஒன்று, சீனாவில் நடந்த சோதனைகள் எல்லாமே சாதகமாக முடிந்ததாகக் கண்டது. எந்த மருந்தும் எல்லா முறையும் வெல்லாது. எல்லாமே வெற்றி என்றால் தோற்றவை இழுப்பறையில் கிடக்கின்றன என்றுதான் பொருள்.

ஆக, எங்கே நிற்கிறோம்? ஷியாவ் யாவ் சானும், இலந்தை விதைச் சூத்திரமும், ஜியுவெய் ட்சென்ஷினும் வெறும் ஏமாற்று என்று சொல்ல ஆதாரமில்லை. மருந்தாக வேலை செய்யக்கூடிய சேர்மங்கள் அவற்றில் இருக்கின்றன. பதற்றத்தைத் தணிப்பது நிறுவப்பட்டுவிட்டது என்று சொல்லவும் ஆதாரமில்லை. நம்பத்தகுந்த ஊகம், பலவீனமான சான்று என்பதே இன்றைய நிலை.

சீன விஞ்ஞானி து யூயூ பெற்ற நோபல் பரிசை இந்த இடத்தில் நினைவூட்டுவார்கள். 2015இல் மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினுக்காகக் கிடைத்தது. பழைய சீன நூல் ஒன்றில் மூலிகையைக் கொதிக்க வைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைப் படித்து, வெப்பம் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் சாறெடுத்தார். அருமையான கதை. ஆனால் பரிசு கிடைத்தது பிரித்தெடுத்துச் சோதித்த சேர்மத்துக்கு. மரபு நூல் எங்கே தோண்டலாம் என்று காட்டும், தோண்டும் வேலையை அது செய்துவிடாது. இலந்தை விதைக்கு அந்த வேலை இன்னும் முடியவில்லை.

இயற்கையானது, ஆனால் மருந்து

பதற்றத்தைத் தணிக்கும் அளவுக்கு வலுவுள்ள பொருள், வேறு எதையும் செய்யாமல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கவனிக்க வேண்டியவை பல. அவற்றில் அதிமதுரம் நமக்கு மிகப் பழக்கமானது என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அதிமதுரத்தின் கிளைசிரைசின், சிறுநீரகத்தை ஏமாற்றி உப்பையும் நீரையும் தக்கவைக்கிறது, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். மூன்று சரக்குக் குடிநீரின் ஜப்பானிய வடிவத்தில் ஒரு நாள் அளவுக்கு 5 கிராம் அதிமதுரம் சேர்கிறது. நாளுக்கு 2.5 கிராமோ அதற்கு மேலோ அதிமதுரம் உள்ள மருந்துகளைப் பொட்டாசியம் குறைந்தவர்கள் எடுக்கக் கூடாது என்று அங்கே பெட்டியிலுள்ள குறிப்பே சொல்கிறது. ஷியாவ் யாவ் சானிலும், சுவான் ட்சாவ் ரென் தாங்கிலும் அதிமதுரம் உண்டு. இரண்டு சூத்திரங்களைச் சேர்த்து எடுத்தால் அளவும் கூடும். இதில் கொடுமை என்னவென்றால், பொட்டாசியம் குறைந்தால் வருவது படபடப்பும் தளர்ச்சியும். நோயாளி அதைப் பதற்றம் கூடியதாக எண்ணி மருந்தைக் கூட்டிக் குடிக்க வாய்ப்புண்டு. பல வாரம் தொடர்ந்து குடிப்பவர், குறிப்பாக முதியவரும் நீர் பிரியும் மாத்திரை எடுப்பவரும், இரத்த அழுத்தத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றவை:

1. மனச்சோர்வுக்கெனச் சீனாவில் 2008இல் அனுமதி பெற்ற 'ஷுகான் ஜியெயூ' கேப்சூலில் இருப்பது, மேற்கில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று அறியப்படும் செடி. எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரையோடு சேர்ந்தால் செரட்டோனின் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கருத்தடை மாத்திரை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் தரும் மருந்துகள் ஆகியவற்றின் வலுவை இது குறைத்துவிடும். பெட்டியில் சீனப் பெயர் மட்டும் இருந்தால் டாக்டருக்கும் இது தெரியவராது.

2. தாங்குய் வேர், வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தப்போக்கைக் கூட்டலாம்.

3. ஹே ஷோ வூ என்ற கிழங்கால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக ஏராளமான பதிவுகள் உள்ளன. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று 2019இல் தெரியவந்தது. அதே கொடியின் தண்டு தூக்கத்துக்கும் மன அமைதிக்குமான கலவைகளில் சேர்கிறது.

4. மனத்தை அடக்க 'கனமான' தாதுக்களைச் சேர்ப்பது பழைய வழக்கம். டிராகன் எலும்பு எனப்படுவது தொல்விலங்குகளின் புதைபடிவ எலும்பு. ஜாதிலிங்கம் பாதரசக் கல். சைஹூவோடு டிராகன் எலும்பும் சிப்பி ஓடும் சேரும் பழைய சூத்திரம் ஒன்றில் ஈயச் செந்தூரமும் இருந்தது. இன்று பொதுவாக நீக்கிவிடுகிறார்கள். ஆனால் ஜாதிலிங்கத்தைச் சீன மருந்து நூல் இன்றும் நாளுக்கு 0.1 முதல் 0.5 கிராம் வரை அனுமதிக்கிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இதன் பக்கமே போகக் கூடாது.

பெட்டிக்குள் வேறொன்று

மூன்றாவது வகையின் ஆபத்துக்கு இரண்டு பழைய நிகழ்வுகள் போதும்.

1990களின் தொடக்கத்தில் 'ஜின் பு ஹுவான்' என்ற மாத்திரை அமெரிக்காவில் வலிக்கும் தூக்கத்துக்கும் விற்கப்பட்டது. 1993இல் கொலராடோவில் அதை விழுங்கிய மூன்று குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கி, மூச்சு மந்தமானது. முறையாக எடுத்த பெரியவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. பெட்டியில் ஒரு செடியின் பெயர். உள்ளே இருந்ததோ அந்தச் செடியில் இல்லாத டெட்ராஹைட்ரோபால்மட்டின் என்ற சேர்மம், அதுவும் செறிந்த அளவில். இதே சேர்மம் முன்பு சொன்ன யான்ஹுசுவோ கிழங்கில் இயல்பாகவே சிறிதளவு உண்டு. ஆக, பொருள் மட்டுமல்ல, அளவும் அடையாளமும் சேர்ந்துதான் மருந்தை மருந்தாக்குகின்றன.

1998இல் 'ஸ்லீப்பிங் புத்தா' என்ற தூக்க மூலிகையைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அதில் எஸ்டசோலாம் என்ற பென்சோடயஸிபைன் இருந்தது. ஆங்கில மருந்து வேண்டாம் என்று ஓடியவர்கள், அளவு தெரியாமல், டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல், அதே வகை மருந்தைச் சாப்பிட்டார்கள். முதல் நாளே அற்புதமாகத் தூக்கம் தரும் 'மூலிகை'யைக் கண்டால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவதே நல்லது. மூலிகைகள் பொதுவாக அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை.

வகைப்பாட்டில் எண் கிடைத்ததன் பொருள்

நோய் வகைப்பாட்டில் ஓர் எண் கிடைப்பது மருந்துக்குக் கிடைத்த சான்றிதழ் அல்ல. சீனா, ஜப்பான், கொரியா நாடுகளில் கோடிக்கணக்கானோர் இந்த மருத்துவத்தை நாடுகிறார்கள். எத்தனை பேர், எந்த அமைப்புக்கு, என்ன சிகிச்சை என்று எண்ணிப் பதிவு செய்யப் பொதுவான பெயர்கள் வேண்டும். தொடக்கத்தில் சொன்ன தனி அத்தியாயம், 26ஆவது, அதற்குத்தான். பயன்படுத்துவது நாடுகளின் விருப்பம், மருத்துவ முறையின் செல்லுபடியையோ பலனையோ இது ஒப்புக்கொள்வதாகாது என்று உலக சுகாதார அமைப்பே சொல்லியிருக்கிறது. ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு நம் சித்த மருத்துவத்துக்கும் பின்னர் இதேபோன்ற தொகுதி சேர்க்கப்பட்டது. அதற்கும் இதே பொருள்தான்.

எங்கே வாங்குகிறீர்கள் என்பது

சிங்கப்பூரில் சீன மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 2000இல் வந்தது. பெட்டியில் வரும் சீன மருந்துகளை அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையம் கண்காணிக்கிறது. மலேசியாவில் மரபு மருத்துவத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. அங்கே வாழும் தமிழர் பதிவு பெற்ற மருத்துவரைத் தேடிப் போக முடியும். இந்தியாவில் ஆயுஷ் முறைகளுக்குள் சீன மூலிகை மருத்துவம் இல்லை. சென்னையிலோ மதுரையிலோ ஒருவர் கைக்கு வரும் சீனப் பெட்டி பெரும்பாலும் மூன்றாவது வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எடுத்தே தீருவேன் என்று முடிவு செய்தவருக்கு, கேட்க வேண்டிய வரிசையில்:

1. படபடப்பு பதற்றத்தால்தானா? தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் அப்படித்தான் காட்டும். சீன நாடியோ ஹாமில்டன் அளவுகோலோ தைராய்டைக் கண்டுபிடிக்காது, இரத்தப் பரிசோதனை கண்டுபிடிக்கும்.

2. ஒவ்வொரு சரக்கின் தாவரப் பெயரும் அளவும் பெட்டியில் இருக்கிறதா? இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

3. ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலைச் சீன மருத்துவரிடமும், குடிநீரின் பட்டியலை மனநல மருத்துவரிடமும் காட்டியாயிற்றா? இருவரில் ஒருவரிடம் மறைத்தால் இருவரின் கணக்கும் தவறும்.

4. பழைய மாத்திரையை என்ன செய்வது? மூலிகை தொடங்கிய அன்றே அல்பிரசோலாமையோ டயஸிபாமையோ சட்டென்று நிறுத்துவதுதான் இந்த விஷயத்தில் நான் மிகவும் அஞ்சுவது. நீண்ட நாள் எடுத்தவருக்கு வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எஸ்எஸ்ஆர்ஐயைத் திடீரென விட்டாலும் தலைசுற்றல், எரிச்சல், பதற்றம் ஆகியவை திரும்பும். அப்போது வருவதை 'மூலிகை உடலைச் சுத்தம் செய்கிறது' என்று விளக்குபவர்கள் இருக்கிறார்கள். அது சுத்திகரிப்பு அல்ல, மருந்து விலகலின் அறிகுறி. குறைப்பதென்றால், எழுதிக்கொடுத்த டாக்டரோடு சேர்ந்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ, சிறிது சிறிதாக.

5. கண்ணில் மஞ்சள், அடர்ந்த நிறச் சிறுநீர், கால் வீக்கம், தசைத் தளர்ச்சி இவற்றில் எது வந்தாலும் குடிநீரை நிறுத்தி, பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உயிரோடு இருப்பதில் விருப்பமில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் எந்தக் குடிநீருக்கும் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.